எந்தப் பாய்? எந்த வீடு?

சென்னைக்குச் சென்று திரும்பியவனிடம் ஆண்டிபட்டியில் கேட்கப்படும் முதற்கேள்வி, "என்ன சாப்பிட்டாய்?" என்பதே. 2023 ஜூன் மாதம் சென்னைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே நம் ஊர் வழியாக நேரடி ரயில் ஓடத் தொடங்கியபின், அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களின் தொகை பெருகிவிட்டது. மகன் பிழைப்புத் தேடிச் சென்ற நகரமாதலால் நானும் அடிக்கடி போய் வருகிறேன். வேளைக்கொரு கடையில் உண்டும் பார்க்கிறேன். எனவே மாநகரத்து உணவகங்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல இந்தச் சிற்றூர்க்காரனுக்கும் சிறிது தகுதி உண்டென்றே நம்புகிறேன். அக்கருத்து சற்றுக் கசப்பானது. வாசக நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒருநாள் மாலை ஒரே சாலையில் நடந்தபடி கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். "பாய் வீட்டுப் பிரியாணி" என்றது ஒன்று. "முஸ்லிம் திருமணப் பிரியாணி" என்றது அடுத்தது. மூன்றாவதில் பச்சை வண்ணம், பிறை, தொப்பியணிந்த தாடிக்காரர் ஒருவரின் சித்திரம். பார்த்தவுடன் உள்ளம் குளிர்ந்தது உண்மை. 'இத்துணைப் பெரிய நகரம் நம் வீட்டை இவ்வளவு மதிக்கிறதே!' என்று நினைத்தேன். உள்ளே சென்று உண்டு, கைகழுவி வெளியே வந்தபோது உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. எந்தப் பாய்? எந்த வீடு? அந்த வீட்டுக்குக் கதவு எங்கே?

இதைக் கேட்பதால், நம்மவர் அல்லாதார் பிரியாணி சமைப்பதை நான் ஆட்சேபிக்கிறேன் என்று எவரும் கருதிவிட வேண்டாம். அடுப்புக்கு மதம் இல்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் 1951-ஆம் ஆண்டு ஏ. எம். புகாரி தொடங்கிய உணவகம் எல்லாச் சமயத்தாரையும் ஒரே மேசையில் அமரச் செய்தது. திண்டுக்கல்லில் 1957-ஆம் ஆண்டு நாகசாமி நாயுடு தம் கடையைத் தொடங்கினார். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையே பின்னர் கடையின் பெயராயிற்று. சீரகச் சம்பா அரிசியைக் கொண்டு அவர் வளர்த்த சுவை இன்று கடல் கடந்தும் பேசப்படுகிறது. அவர் எந்த வீட்டின் பெயரையும் இரவல் வாங்கவில்லை. தம் தலைப்பாகையை நம்பினார், தம் கைப்பக்குவத்தை நம்பினார். அத்தகைய நேர்மையை யார்தாம் குறைகூற முடியும்? நம் குறையெல்லாம், நம் வீட்டை அறியாமலே நம் வீட்டின் பெயரைத் தொங்கவிடும் வணிகத்தின்மீதுதான்.

முதலில் உணவையே எடுத்துக்கொள்வோம். அன்று என் முன்னே வைக்கப்பட்ட தட்டில் செயற்கை நிறம் கண்ணைப் பறித்தது. நீண்ட அரிசி, மேலே தூவிய வாசனை, அடியில் ஒட்டாத கறி. தம் என்பது வித்தையன்று, பொறுமை. அரிசியும் கறியும் ஒன்றையொன்று அறியும்வரை வாயை மூடி, மூடியின்மேல் தணலைப் பரப்பி, அருகிலேயே காத்திருப்பது. சீரகச் சம்பாவின் சிறுமணி கறியின் சாற்றைக் குடித்து மணக்கும். நிமிடக் கணக்குப் பார்க்கும் கடையில் தனியாக வெந்த சோறும் தனியாக வெந்த கறியும் தட்டில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றன. அதற்குக் கல்யாணம் என்று பெயர் வைப்பது நல்ல வேடிக்கை!

அது போகட்டும். பிரியாணிதான் நம் வீட்டு உணவு என்று சொன்னவர் யார்? நம் பள்ளத்தாக்கின் இராவுத்தர் வீடுகளில், உத்தமபாளையமானாலும் கம்பமானாலும் பெரியகுளமானாலும், அன்றாடம் அடுப்பில் கொதித்தது ஆணம். பருப்பாணம், புளியாணம், கறியாணம். விருந்தென்றால் நெய்ச்சோறும் தாளிச்சாவும். விடியற்காலையில் இடியாப்பமும் பாயாவும். பிரியாணி என்பது பெருநாளுக்கும் நிக்காஹுக்கும் வந்து போகும் விருந்தாளி. கடற்கரைக்குச் சென்றால் வட்டலப்பம் ஒரு பக்கம், கீழக்கரைத் தொதல் ஒரு பக்கம், நாகூர் வாடா ஒரு பக்கம். ஒவ்வோர் ஊரும் ஒரு தனி அடுப்பு. இத்தனையையும் ஒரே சட்டிக்குள் போட்டு மூடி, "இதுதான் பாய் வீடு" என்று முத்திரை குத்திவிட்டது நகரம். ஒரு சமுதாயத்தின் நூற்றாண்டுக்கால வாழ்வை ஒரு பொட்டலத்தில் கட்டித் தர முடியும் என்று நம்புவது அறியாமை. அதை நாமும் நம்பத் தொடங்கியிருப்பது அதனினும் பெரிய அறியாமை.

அடுத்தது பந்தி. திருமணப் பிரியாணி என்கிறார்களே, திருமண வீட்டில் உணவு விற்கப்படுவதில்லை என்பதை இவர்கள் அறிவார்களா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே தாலத்தைச் சுற்றிச் சிலர் அமர்ந்து சகனில் உண்பர். செல்வந்தர் கையும் கூலிக்காரர் கையும் ஒரே சோற்றில் படும். நம் பக்கத்தில் இலை போடுவது வழக்கமானாலும், பெண்ணைப் பெற்றவர் கடைசிப் பந்தி எழும்வரை உண்ணாமல், வரிசை வரிசையாகச் சென்று, "போதுமா மாமா? இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லவா?" என்று விசாரித்துக்கொண்டே நடப்பார். அந்த விசாரிப்புதான் கல்யாணச் சோற்றின் உப்பு. நகரத்துக் கடைகளிலோ வாளிக் கணக்கில் பிரியாணி விற்பனையாகிறது. வாங்கியவர் பாதியைத் தின்று மீதியைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கிறார். வீண்விரயத்தைத் திருமறை எவ்வளவு வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை நம்மவர் கடைகளிலாவது எவரேனும் நினைத்துப் பார்ப்பதுண்டா?

"ஹலால்" என்ற சொல்லும் பலகையில் ஒளிர்கிறது. மகிழ்ச்சி. ஆனால் ஹலால் கத்தி முனையோடு முடிந்துவிடுகிறதா? நான் உண்ட கடையொன்றில் மேசை துடைத்த சிறுவனுக்கு மீசைகூட அரும்பவில்லை; தமிழும் தெரியவில்லை. எத்தனை மணிக்கு எழுந்தான், எங்கே உறங்குகிறான், கூலி கைக்கு வருகிறதா என்று கேட்பாரில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். அறுத்த முறை சரியாயிருந்து, கொடுத்த கூலி தவறாயிருந்தால், அந்தத் தட்டை நிம்மதியாக உண்ண முடியுமா?

இனி, பெரிய கேள்விக்கு வருவோம். பாய் என்பது வடபுலத்துச் சொல். உடன்பிறந்தான் என்பது அதன் பொருள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் எங்களைப் பிற சமுதாயத்தார் மாமா என்பர், மச்சான் என்பர், சித்தப்பா என்பர். உறவுமுறை சொல்லி அழைத்தால் வீட்டுத் திண்ணை தானே வந்துவிடும். மாநகரில் நான் பாய் ஆனேன். அதாவது உடன்பிறந்தான் ஆனேன். என் மகனுக்கு வாடகை வீடு தேடப் போனபோதுதான் அந்த உடன்பிறப்பின் இலட்சணம் விளங்கிற்று. ஒரு வீட்டுக்காரர் மரியாதையாகப் பேசினார். வாடகையும் முன்பணமும் சொன்னார். பெயரைக் கேட்டதும் முகம் மாறியது. "நாங்கள் சைவம். தப்பாக நினைக்காதீர்கள் பாய்" என்றார். அவர் வீட்டு வாசலில் முந்திய இரவு வந்திறங்கிய பிரியாணிப் பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அதன்மேல் என்ன அச்சிட்டிருந்தது என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?

இது ஒரு தந்தையின் தனிப்புலம்பல் அன்று. டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடும் தலித்துகளும் முஸ்லிம்களும் பெயரைச் சொன்னவுடன் எவ்வாறு தட்டிக்கழிக்கப்படுகிறார்கள் என்பதை ஆராய்ந்து, 2015-ஆம் ஆண்டில் பொருளாதார அறிஞர் சுக்தேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். சைவம் என்ற சொல் பல இடங்களில் உணவைக் குறிக்கவில்லை; ஆளைக் குறிக்கிறது.

கடைப் பலகைக்கும் மனித மதிப்புக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாடு முன்பே கண்டிருக்கிறது. உணவகப் பலகைகளில் "பிராமணாள்" என்று எழுதுவதை எதிர்த்துப் பெரியார் 1957-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு மறியல் நடத்தினார். அந்தப் பலகை சிலரை உயர்த்தி மற்றோரைத் தாழ்த்தியது. நம் பெயர் தாங்கிய பலகை எவரையும் தாழ்த்தவில்லை. எல்லாரையும் வா என்றே அழைக்கிறது. ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டிலும் பிறப்பே சரக்கு. அன்று அந்தப் பிறப்புக்கு மேலிடம் கிடைத்தது. இன்று நம் பிறப்புக்குக் கிடைத்திருப்பது மணம் மட்டுமே.

ஆம்பூரை நினைத்துப் பாருங்கள். 2022 மே மாதத்தில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அங்கே மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தது. ஆனால் ஆம்பூரின் உழைக்கும் மக்கள் உண்ணும் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மாநில ஆணையம் விளக்கம் கேட்டது. முடிவில் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். ஊரின் புகழ் வேண்டும், ஊராரின் தட்டு வேண்டாம் என்ற மனப்பான்மைக்கு இதைவிடச் சான்று தேவையோ?

பிறரை இவ்வளவு குறைகூறிய பின் நம்மை நோக்கி விரல் நீட்டாவிட்டால் நீதியாகாது. பெருநாள் வந்தால் அலுவலக நண்பர்கள், "பாய், பிரியாணி எங்கே?" என்கிறார்கள். நாமும் மகிழ்ச்சியோடு டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். "வீட்டுக்கு வாருங்கள்" என்று எத்தனை பேர் அழைத்தோம்? பிரியாணியை அனுப்பினோம்; நாம் போகவில்லை, அவர்களையும் வரவழைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கே புளியாணம் என்றால் என்னவென்று தெரியவில்லை. வீட்டை நாமே பூட்டி வைத்துவிட்டு, பலகைக்காரனைத் திட்டி என்ன பயன்?

எனவே உணவகம் நடத்தும் நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகையில் சமுதாயத்தின் பெயரை எழுதாதீர்கள். உங்கள் பெயரை எழுதுங்கள், உங்கள் ஊரின் பெயரை எழுதுங்கள், சமைப்பவரின் பெயரை எழுதுங்கள். வாரத்தில் ஒருநாளேனும் ஆணமும் நெய்ச்சோறும் சமையுங்கள். மேசை துடைக்கும் வேலையைச் சிறுவர்க்குக் கொடுக்காதீர்கள். வேலை செய்வோர் கூலியை நாள் தவறாமல் கொடுங்கள். குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் பாட்டிமார் கைப்பக்குவத்தை இன்றே எழுதிவையுங்கள். அண்டை வீட்டார் பிரியாணி கேட்டால் டப்பாவை நீட்டாதீர்கள். பாயை விரித்து இலையைப் போடுங்கள்.

நோன்பு மாதத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் வாயிலில் மாலைநேரம் ஒரு வரிசை நிற்கும். தூக்குச்சட்டியும் கிண்ணமும் ஏந்திய சிறுவர் சிறுமியர். எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்பாரில்லை. கஞ்சியை ஊற்றும் முதியவர் அவர்கள் ஒவ்வொருவரின் தகப்பன் பெயரையும் அறிவார். அங்கே பலகை இல்லை, விலையும் இல்லை. சென்னையில் என்ன சாப்பிட்டாய் என்று இனி எவரேனும் கேட்டால் நான் சொல்லப்போகும் விடை இதுதான்: "பாய் வீட்டுச் சோறு அங்கே நிறையக் கிடைக்கிறது தம்பி; பாய்க்குத்தான் வீடு கிடைக்கவில்லை."