புற்றுநோய்க்கு உதவும் மண்ணீரல்!

கருவில் இருக்கும்போது நமக்கு ரத்தம் தயாரிப்பது பெரும்பாலும் கல்லீரல், மண்ணீரலும் கைகொடுக்கும். பிறகு அந்த வேலை எலும்பு மஜ்ஜைக்குப் போய்விடும்.

புற்றுநோய் வந்தால், மண்ணீரல் பழைய வேலையை மறுபடி ஆரம்பிப்பதுண்டு. நல்லதுதானே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான்! கட்டி சுரக்கும் ரசாயனங்களின் தூண்டுதலால் அங்கே உருவாகும் வெள்ளணுக்களில் பல, அரைகுறையாக வளர்ந்தவை. புற்றுசெல்களைத் தாக்க வேண்டிய 'டி' செல்களை இவை கட்டிப்போட்டுவிடுகின்றன.

2012-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள், நுரையீரல் புற்றுநோய் கொண்ட எலிகளின் மண்ணீரலை அகற்றிப் பார்த்தார்கள். கட்டி வளரும் வேகம் குறைந்தது.

அதற்காக மனிதர்களுக்கும் எடுத்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. மண்ணீரல் இல்லாதவர்களுக்கு நிமோனியா கிருமி உயிருக்கே ஆபத்தாகலாம். உறுப்பைத் தொடாமல், கட்டியிலிருந்து வரும் தூண்டுதலை மட்டும் மருந்தால் தடுக்கவே ஆய்வாளர்கள் முயல்கிறார்கள்.