உறைக்குள் எவ்வளவு வைப்பது?

ஜூலை மாதம் வந்தால் நம் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகள் கூடிவிடும். மகள் பட்டம் பெற்றதற்காக, பேரன் நல்லபடி படித்து முடித்ததற்காக என்று மேலே எழுதி ஞாயிறு காலையில் போடுகிறார்கள். அதே வாரத்தில் வீட்டு மேசையில் இன்னொரு உறையும் கிடக்கும். அது, கொண்டாட்டத்துக்கு அழைத்திருக்கும் வேறொரு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது. முதலாவது உறை நமக்கும் கர்த்தருக்கும் நடுவே முடிந்துவிடும். இரண்டாவது உறைதான் கணவனையும் மனைவியையும் நித்திரை கொள்ளவிடாமல் பேச வைக்கிறது. 50 பவுண்ஸ் போதுமா? 100 வைக்காவிட்டால் என்ன நினைப்பார்கள்? எங்கள் மகனுக்கு அவர்கள் எவ்வளவு வைத்தார்கள்?

அந்த உறையை வாங்குகிறவர்கள் வாலிபராகிய நாங்கள்தான். ஆகவே அதைப் பற்றி நாங்கள் பேசுவது மரியாதைக் குறைவாகாது என்று நம்புகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொகையைத் தீர்மானிக்க வேண்டியது கொடுக்கிறவரின் இன்றைய நிலைமை. மற்றவர் வைத்த தொகையோ, வீட்டு லாச்சிக்குள் இருக்கும் பழைய கொப்பியோ அதைத் தீர்மானிக்கக் கூடாது.

பட்டமளிப்பு நமக்கு ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்பது எங்களுக்கும் தெரியும். இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. பல்கலைக்கழகம் வரை பணம் கட்டாமல் படிக்கலாம் என்றானது. ஆனால் 1970களில் தரப்படுத்தல் வந்தபோது நல்ல புள்ளிகள் எடுத்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்குப் பின்னால் யுத்தம் வந்தது. இடம் பெயர்ந்து இல்ஃபோர்டுக்கு வந்து, கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நம் பெற்றோர். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சொல்லின் பாரம் தெரியும். மைல் எண்டிலோ டொக்லண்ட்ஸிலோ கறுப்பு அங்கி போட்டு நிற்கும் பிள்ளையின் படத்தில் அம்மம்மாவும் அப்பப்பாவும் சேர்ந்தே நிற்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் பங்கெடுக்க ஒன்றைக் கொடுக்க மனம் வருவது நல்லது. அதை நிறுத்தச் சொல்ல நாங்கள் வரவில்லை.

கையில் காசு கிடைப்பது பிள்ளைகளுக்கு உதவிதான் என்பதையும் மறைக்கவில்லை. இங்கிலாந்தில் 2022இல் சேர்ந்து 2025இல் முடித்த ஒருவருக்கு மூன்று வருடக் கட்டணம் மட்டும் 27,750 பவுண்ஸ். 2025 இலையுதிர் காலத்தில் வருடக் கட்டணம் 9,250இலிருந்து 9,535 ஆனது. ஆனால் பெரியவர்கள் சிலர் நினைப்பதுபோல் இந்தக் கடன் வங்கிக் கடன் மாதிரி கழுத்தைப் பிடிப்பதில்லை. 2022இல் சேர்ந்தவர்களின் சம்பளம் ஒரு குறிப்பிட்ட எல்லையை (2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 28,470 பவுண்ஸாக இருந்தது) தாண்டினால், தாண்டிய பகுதியில் 9 சதவீதம் மட்டும் சம்பளத்திலிருந்து போகும். 30 வருடத்துக்குப் பின் மீதி தள்ளுபடி. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த எல்லை 25,000 பவுண்ஸ்; தள்ளுபடிக்கு 40 வருடம் காத்திருக்க வேண்டும். ஆகவே "பிள்ளையின் கடனை அடைக்க" என்று யாரும் தங்களை வருத்திக்கொண்டு பெரிய தொகை வைக்கத் தேவையில்லை. பட்டம் முடித்த பிள்ளைக்கு உடனே தேவைப்படுவது நேர்முகத் தேர்வுக்கு ஒரு நல்ல உடுப்பு, ரயில் செலவு, முதல் சம்பளம் வரும்வரை கைச்செலவு. இவற்றுக்கு 20 பவுண்ஸும் உதவும்.

இனி கொடுக்கிறவர் பக்கத்தைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண்ஸாக இருந்தது. அந்தக் கணக்கில், உறைக்குள் வைக்கும் 100 பவுண்ஸ், வரிக்கு முன்னரே எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை. இரவு வேலை செய்யும் ஒருவருக்கு அது ஒரு முழு இரவு. ஒரு கோடையில் நாலு அழைப்பு வந்தால் நாலு இரவு. இதைச் சமாளிக்க முடியாத குடும்பம் என்ன செய்யும்? "அன்றைக்கு வேலை" என்று சொல்லிவிட்டு வராமல் இருக்கும். ஞாயிறு பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு வசனம் சொல்லிக் கொடுத்த ஆன்ட்டி, பட்டம் பெற்ற நாளில் அவளைக் கட்டியணைக்க வராமல் வீட்டில் இருப்பார். பிறகு அடுத்த அழைப்புக்கும் வரமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, வசதி உள்ளவர்கள் மட்டும் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் சபையாகிவிடுவோம். எங்களுக்குக் கவலை தருவது இதுதான்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள். சாப்பாடு போட்டு, யார் எவ்வளவு கொடுத்தார் என்று நோட்டில் எழுதி வாங்குவார்கள். அவர் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். அதனால் சிலர் கடை வைத்தார்கள், வீடு கட்டினார்கள். அதில் ஒரு நேர்மை உண்டு. அது கடன் மாதிரியான ஏற்பாடு என்று எல்லாருக்கும் வெளிப்படையாகத் தெரியும். நம் சீட்டும் அப்படித்தான். நம்முடைய சங்கடம் வேறு. அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுக்கிறோம், கொப்பியில் தொகையை எழுதி வைக்கிறோம். வாங்கிய பிள்ளைக்கே தெரியாமல் அது பெற்றோரின் கடனாகிவிடுகிறது. நன்றி சொல்வதற்காகப் பெயர்களை எழுதி வையுங்கள். பெயருக்குப் பக்கத்தில் தொகையை எழுத வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

வேதம் இதில் நம்மைக் குழப்பத்தில் விடவில்லை. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்த இயேசு, விதவை போட்ட இரண்டு காசுகளை அவளிடம் மீதியிருந்ததை வைத்து அளந்தார் (மாற்கு 12). கொரிந்து சபையாருக்கு எழுதிய பவுல், ஒருவனிடம் இருப்பதற்குத் தக்கதாகவே கொடை மதிக்கப்படும் என்று தெளிவாக்குகிறார் (2 கொரிந்தியர் 8). விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்ய முடியாதவர்களை அழைக்கும்படி நம் ஆண்டவர் கற்பித்தார் (லூக்கா 14). இந்த மூன்றையும் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, ஹோலில் சனிக்கிழமை வேறு கணக்குப் பார்க்க முடியாது.

"சாப்பாட்டுச் செலவுக்காவது வைக்க வேண்டாமா?" என்று ஒரு கேள்வி வரும். தலைக்கு இவ்வளவு என்று ஹோலுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டியிருப்பார்கள். நாலு பேராகப் போய் 20 பவுண்ஸ் வைப்பது எப்படி? இது விருந்தாளியை டிக்கெட் வாங்கி வந்தவராக மாற்றுகிற கணக்கு. அழைத்தவர் தன் சந்தோஷத்துக்காக அழைத்தார். செலவு தாங்காவிட்டால் கொண்டாட்டத்தைச் சிறிதாக்கலாம். ஆராதனைக்குப் பின் சபை மண்டபத்தில் கேக்கும் ரோல்ஸும் தேநீரும் கொடுத்தாலும் பிள்ளை பட்டதாரிதான்.

நம் சரித்திரத்தில் யோசிக்க வைக்கும் ஒரு விஷயம் உண்டு. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். அந்த மிஷனில் படித்த பலருக்கு, கடலுக்கு அப்பால் தாங்கள் ஒருநாளும் பார்க்காத மனிதர்கள் காசு அனுப்பினார்கள். அந்தக் காசு படிக்கும்போதே வந்தது; பட்டம் வாங்கும்வரை காத்திருக்கவில்லை. இது நாம் பின்பற்ற வேண்டிய பகுதி. பின்பற்றக் கூடாத பகுதியும் உண்டு. உதவி பெற்ற பிள்ளைகள் பலருக்கு உதவி செய்தவரின் பெயரே வைக்கப்பட்டது. கொடுத்தவரின் பெயரை வாழ்நாள் முழுவதும் சுமப்பது எப்படி இருந்திருக்கும்? உறையைக் கொடுத்துவிட்டு, "அவனுக்கு நாங்கள் எவ்வளவு செய்தோம்" என்று ஊரெல்லாம் சொல்வதும் அந்த வகைதான்.

ஆகவே சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று. ஒவ்வொரு குடும்பமும் வருடத் தொடக்கத்தில், இந்த வருடம் அன்பளிப்புகளுக்கு இவ்வளவு என்று ஜெபித்துத் தீர்மானிக்கலாம். 150 பவுண்ஸ்தான் முடியும், ஐந்து அழைப்பு வரும் என்றால் ஆளுக்கு 30. மருத்துவம் படித்தவளுக்கும் கலைப் பாடம் படித்தவனுக்கும் அதே 30. பல்கலைக்கழகம் போகாமல் அப்ரென்டிஸ்ஷிப் முடித்த தம்பிக்கும் அதே 30. அவனுக்கு யாரும் ஹோல் எடுப்பதில்லை என்பதால் நாமே தேடிப்போய்க் கொடுக்க வேண்டும்.

இரண்டு. மாமா, சித்தி, ஞானப்பெற்றோர் போன்ற நெருங்கியவர்கள் கூடுதலாகக் கொடுக்க விரும்பினால் தனியாகக் கொடுக்கட்டும். பிள்ளையிடம் தேவையைக் கேட்டுக் கொடுக்கட்டும். 18 முதல் 39 வயதுக்குள் லைஃப்டைம் ஐசா கணக்குத் திறக்கலாம். வருடத்துக்கு 4,000 பவுண்ஸ் வரை போட்டால் அரசு 25 சதவீதம் சேர்க்கிறது. முதல் வீடு வாங்கவோ 60 வயதுக்குப் பிறகோ எடுக்கலாம். வேறு காரணத்துக்கு எடுத்தால் பொதுவாக 25 சதவீதம் பிடிப்பார்கள். பெரிய தொகை கொடுப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

மூன்று. அழைக்கிறவர்கள், "உங்கள் வரவும் ஜெபமும் போதும்" என்று எழுதினால் அதை மனதாரச் சொல்லுங்கள். வாசலில் உறை போடும் பெட்டி வைத்துவிட்டு அப்படி எழுதாதீர்கள்.

நான்கு, எங்களுக்கே. உறைகளைப் பிரித்துத் தொகையை நண்பர்களிடம் சொல்ல மாட்டோம். 10 பவுண்ஸ் வைத்த பாட்டிக்கும் 200 வைத்த அங்கிளுக்கும் ஒரே மாதிரி தொலைபேசியில் அழைத்து நன்றி சொல்வோம். காட்டில் இரண்டு வரி எழுதி, காசு வைக்காமல் கொடுத்தவருக்கும் அப்படியே. கிடைத்ததில் ஒரு பங்கை, செப்டம்பரில் பல்கலைக்கழகம் தொடங்கும் தம்பி தங்கைகளின் புத்தகத்துக்கும் பயணத்துக்கும் சபை வழியாகக் கொடுப்போம். அதே தேவைக்குக் கொடுக்க விரும்பும் பெற்றோர் வரி கட்டுகிறவர்களாக இருந்தால், தங்கள் காணிக்கையைக் கிஃப்ட் எய்டில் கொடுக்கலாம். ஒவ்வொரு பவுண்ஸுக்கும் இன்னும் 25 பென்ஸ் சபைக்கு வரும்.

இந்த ஜூலையில் பட்டம் பெறும் நம் சபைப் பிள்ளைகள் எல்லாரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. பரீட்சையில் இந்த முறை தவறியவர்களையும் அவர் தேற்றி நடத்துவாராக. அழைப்பு வந்தவர்கள் உறையை நினைத்து நிற்காமல் குடும்பமாக வாருங்கள். வெறுங்கையோடு வந்தாலும், உங்களுக்கு முதல் வரிசையில் இடம் வைத்திருப்போம்.