நகையை அடகு வைக்கும் முன்

"ஸ்டெம் செல் ஊசி போட்டால் பிள்ளை மறுபடியும் நடப்பானாமே டாக்டர், நகையை அடகு வைத்தாவது போட்டுவிடலாமா?" டூஷென் என்னும் தசைச் சிதைவு நோய்க்கு ஆளான சிறுவர்களின் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. எங்கள் விடை: வேண்டாம். ஏன் என்பதை விளக்கும் கடமையும் எங்களுக்கு உண்டு.

1961ஆம் ஆண்டு, அமெரிக்க அறிவியலாளர் அலெக்சாண்டர் மௌரோ, தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, தசை நார்களின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிறு செல்களைக் கண்டார். அவற்றுக்கு 'சாட்டிலைட் செல்கள்' என்று பெயரிட்டார். தசையின் ஸ்டெம் செல்கள் இவையே. இயல்பாக உறங்கிக் கிடக்கும் இவை, தசை காயமுற்றால் விழித்துப் பெருகி, சிதைந்த நாரைச் சீராக்குகின்றன. ஒரு பகுதி, அடுத்த தேவைக்காக மீண்டும் உறக்கத்திற்குத் திரும்புகிறது.

டூஷென் நோயில், மரபணுக் குறையினால் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாவதில்லை. அதனால் தசை சுருங்கி விரியும்போதெல்லாம் நார்கள் சேதமடைகின்றன. ஓயாமல் பழுது பார்த்தே ஸ்டெம் செல்கள் களைத்துப் போகின்றன என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. கனடாவின் ஒட்டாவா நகரில் ஆய்வு செய்யும் மைக்கேல் ருட்னிக்கியின் குழு, 2015இல் சுண்டெலிகளில் வேறோர் உண்மையைக் கண்டறிந்தது. அப்புரதம் ஸ்டெம் செல்லுக்கும் தேவை. அது இல்லாதபோது செல் முறையாகப் பிரிய இயலாமல் தடுமாறுகிறது. பழுது பார்க்க வேண்டிய செல்லையே நோய் தாக்கியிருக்கிறது.

அப்படியானால் நலமான செல்களை வெளியிலிருந்து செலுத்தலாமே என்று கேட்கலாம். 1990களில் அம்முயற்சியும் நடந்தது. செலுத்தப்பட்ட தசைச் செல்களில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே மடிந்தன. எஞ்சியவை ஊசி குத்திய இடத்தைச் சுற்றியே தங்கிவிட்டன. இந்நோயோ கால், மார்பு, இதயம் என எங்கும் பரவி நிற்பது. சிறுவர்களின் தசை வலிமை எதிர்பார்த்தவாறு கூடவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், சில இரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையை மட்டுமே ஏற்றுள்ளன. மற்றவை யாவும் முறைப்படி பதிவு செய்யப்பட்ட ஆய்வாக மட்டுமே நடத்தத் தக்கவை. பங்கேற்போரிடம் அதற்குக் கட்டணம் பெறலாகாது. ஆகவே, தசை நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி என்று எவரேனும் இலட்சக்கணக்கில் பணம் கேட்டால், மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்த ஆய்வின் பதிவு எண் என்ன? எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தது? ஆய்வு என்றால் எங்களிடம் பணம் எதற்கு?

நம்பிக்கையைக் கைவிடுங்கள் என்று நாங்கள் கூறவில்லை. மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து, பிள்ளை நடக்கும் காலத்தை நீட்டிக்கிறது. இதயத்தையும் மூச்சையும் தவறாமல் பரிசோதித்து, உரிய நேரத்தில் துணைக்கருவி அளிப்பது ஆயுளைக் கூட்டுகிறது. அன்றாட இயன்முறைப் பயிற்சி மூட்டுகள் இறுகிப்போவதைத் தள்ளிப்போடுகிறது. உங்கள் பணமும் நேரமும் இவற்றுக்கே முதலில் தேவை.

எவரேனும் உங்களிடம் ஒப்புதல் படிவம் நீட்டினால், கையெழுத்திடும் முன் அதை எங்களிடம் கொண்டு வாருங்கள். உங்களுடன் அமர்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம்.