கடன் சொல்லிப் பாடியவர்

ஒருகொடவத்தையில் என் வீட்டுக்கு எதிரே சென்ற கிழமை ஒரு கலியாணம். நன்னூலை விரித்து வைத்திருந்தேன். நெஞ்சிற் சூத்திரம் ஏறவில்லை, 'சுராங்கனி' ஏறிற்று. கட்டுரைத் தாளிலே தமிழ்ப் பைலா எழுதிய மாணாக்கனொருவனைச் சென்ற தவணை வகுப்பிற் கடிந்தவன் யான். அன்றிரவு அது உறுத்திற்று.

1989இல், 'டோக்கிங் ஹெட்ஸ்' என்னும் அமெரிக்க றொக் குழுவின் பாடகர் டேவிட் பேர்ண், 'றேய் மோமோ' என்னும் தனி இசைத்தட்டை வெளியிட்டார். மெரெங்கே, கும்பியா, பொலேரோ முதலிய இலத்தீன் அமெரிக்க ஆடலிசைகளைத் தழுவியது அது. எப்பாட்டு எவ்வகையைச் சார்ந்ததென உறையிலேயே குறித்தார். கியூபாவிற் பிறந்த சீலியா குரூசையும் உடன் பாடுவித்தார். பெயர் சொன்னதனால் மட்டும் கடன் தீருமோ என்பது வேறு வினா. மறைக்கவில்லை என்பது மெய்.

அவ்விசைகளுக்கு ஐபீரியரும், அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்கரும் முன்னோர். நம் பைலாவின் குடிவழியும் அதுவே. பெயர், 1505இல் வந்திறங்கிய போர்த்துக்கேயர் மொழியில் ஆடலைக் குறிப்பது. தாளத்திற் காப்பிரியர்க்கும் பங்குண்டு. சிங்களத்தில் அதனைப் பரப்பியவர் வொலி பஸ்தியன். தமிழ் விரவப் பாடியவர் ஏ. ஈ. மனோகரன். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தின்வழி 'சுராங்கனி' தமிழகமெங்கும் ஒலித்தது. ஆங்கு ஆடியோருள் அதன் ஊரறிந்தோர் எத்துணையர்?

யன்னலும் மேசையும் அப்போர்த்துக்கேயர் தந்த சொற்களே. என் நன்னூல் உறைவதும் அவர்கள் பெயரிட்ட அலுமாரியில்தான்!

திங்கட்கிழமை அம்மாணாக்கனைத் தன் பைலாவை வகுப்பிற் படிக்கச் சொல்வேன். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்துவேன், அவை பலவுள.