இளைப்பாற்றி செத்த பிறகுதானா?

எங்க ஊரில் 'இளைப்பாற்றி' என்ற வார்த்தை செத்தவனுக்கு மட்டும்தான். குழி ஓரத்தில் பொணத்தை இறக்கினதும் சாமியார் 'நித்திய இளைப்பாற்றி' கேட்டு மந்திரிப்பார். உயிரோட இருக்கிறவனுக்கு அதை யாரும் கேட்டதில்லை. எங்கப்பா சாகிற வரைக்கும் அடுத்தவன் வயலில் ஏர் ஓட்டினார். ஒருநாள் காய்ச்சலில் குடிசை வாசலில் சுருண்டு கிடந்தார். பண்ணைக்காரர் வந்து, 'சோம்பேறிப் பயலே, எந்திரிடா' என்றார். அவரும் கிறிஸ்தவர்தான். கோயிலில் முன்வரிசை.

அப்பா செத்தார். கோயில் தூம்பா எங்க தெருவுக்கு வராது. மூங்கில் வெட்டிப் பாடை கட்டினோம். கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் குழி. நித்திய இளைப்பாற்றிக்கும் காலனி உண்டு.

போன தவக்காலத்தில் வெளியூர்ச் சாமியார் ஒருத்தர் தியானம் கொடுக்க வந்தார். மூணு நாளும் ஒரே பேச்சு. இறைவனின் அருளில் இளைப்பாறுங்கள். கோபத்தை விடுங்கள், மன்னியுங்கள், சுமையை ஆண்டவர் பாதத்தில் வையுங்கள். எங்க சனம் அழுதது. எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை. களைச்சுப் போன சனத்துக்கிட்ட 'இளைப்பாறு'ன்னு சொன்னா அழாம என்ன செய்யும்? ஆனா அந்தச் சுமையைத் தூக்கித் தலையில் வைச்சவன் யாருன்னு மூணு நாளில் ஒரு வார்த்தை இல்லை.

சாமி, நீங்க படிச்ச அதே பைபிளைத்தான் நானும் படிக்கிறேன். ஓய்வுநாள் யாருக்கு? இணைச்சட்டம் 5-ம் அதிகாரத்தில் வீட்டுக்காரனோடு அவன் அடிமைக்கும் அடிமைப்பெண்ணுக்கும் மாட்டுக்கும் ஓய்வு கொடுக்கணும் என்று கட்டளை. காரணமும் அங்கேயே இருக்கு: எகிப்தில் நீயும் அடிமையாகக் கிடந்தவன். அதாவது ஓய்வு என்பது மனசுக்குள்ள வர்ற அமைதி இல்லை. வேலை நிற்கணும். ஏர் நிற்கணும். விடுதலைப்பயணம் 5-ம் அதிகாரத்தில் மோசே ஓய்வு கேட்கப் போனபோது பார்வோன் சொன்ன பதில் என்ன? சோம்பேறிகள் என்றான். வைக்கோலையும் நிறுத்தினான். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. எங்கப்பாவைத் திட்டின பண்ணைக்காரர் அந்த அதிகாரத்தைப் படிச்சிருக்க மாட்டார். ஆனா வசனம் அவருக்கு மனப்பாடம்.

மத்தேயு 11-ல் இயேசு இளைப்பாறுதல் தருவதாகச் சொன்னவர், கையோடு தன் நுகத்தையும் ஏற்கச் சொல்கிறார். பிரசங்கிகள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். ஏர் பிடிச்சவனுக்குத் தெரியும், நுகத்தடி ரெண்டு மாட்டுக்கு. ஒண்ணு சண்டி பண்ணினா மத்த மாட்டுக் கழுத்து புண்ணாகும். எங்க பங்கில் நுகத்தின் ஒரு பக்கம் எப்பவும் காலி.

எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல், துப்பாக்கிச் சூடு, 2 பேர் சாவு. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்திய ஆயர்கள் தங்கள் கொள்கை அறிக்கையில் ஒத்துக்கொண்டது 2016-ல். அரசாங்கமோ 1950 ஆணையைக் காட்டி, கிறிஸ்தவன் ஆயிட்டா நீ பட்டியல் சாதி இல்லை என்கிறது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திறந்த கதவு எங்களுக்கு இன்னும் மூடியே கிடக்கு. சர்ச்சுக்குள் பறையன், சர்க்காரிடம் கிறிஸ்தவன்.

தோழர்கள் கேட்கிறார்கள்: அப்புறம் ஏன்யா இன்னும் பூசைக்குப் போறே? விட்டுத் தொலை. நானும் பதினோரு வருஷம் போகாம இருந்தவன்தான். கோபத்தோட இருந்தேன், அதில் ஒரு நாள்கூட இளைப்பாறலை. பாட்டி படிச்ச பழைய ஞானோபதேசத்தில் அருளுக்குப் பேரு 'தேவ இஷ்டப்பிரசாதம்'. ஆண்டவர் இஷ்டப்பட்டுக் கொடுப்பது. யாரும் சம்பாதிச்சது இல்லை, அதனால் யாரும் சாவி வைச்சுக்க முடியாது. பாட்டி எழுதப் படிக்கத் தெரியாமலே அதை மனப்பாடமாகச் சொல்வாள். எனக்கு உறைக்க நாற்பது வயசு ஆச்சு. இப்போ முன்வரிசையில் போய் உட்கார்கிறேன். யாருக்கும் நன்றி சொல்றதில்லை. முதல் ஞாயிறு பக்கத்துப் பெஞ்சு காலியாச்சு. காலை நீட்டி உட்கார இடம் கிடைச்சது, அவ்வளவுதான். பொறுமையை அருள் என்று எனக்கு இனி யாரும் விற்க முடியாது. அருளைப் போதைன்னு சொல்ற தோழரும் என் பாட்டிகிட்டயிருந்து அதைப் பிடுங்க முடியாது.

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சாமியார் வழக்கம்போல அந்தப் பக்கம் தீர்த்தம் தெளிக்க ஆரம்பிச்சார். இந்தப் பக்கம் வர்றதுக்குள் இருட்டிவிடும், தீர்த்தமும் தீர்ந்துவிடும். நான் குறுக்கே போய் நின்னேன். 'சாமி, இந்த வருஷம் இங்கேயிருந்து ஆரம்பிங்க.'

'அடுத்த வருஷம் பாப்போம் தம்பி' என்றார்.

அம்மா காத்துக்கொண்டிருக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த குடத்துத் தண்ணீரைக் கையில் அள்ளி அப்பா குழிமேல் தெளித்தாள். பிறகு பக்கத்துக் குழிக்கு நகர்ந்தாள்.