குண்டு விழுந்தாலும் பிரசவம் நிற்காது

போர் வந்தால் என்ன செய்வது? 2025-ம் ஆண்டு மே 7-ந் தேதி மும்பை உள்பட நாட்டின் பல ஊர்களில் இதற்கு ஒத்திகை நடந்தது. சைரன் ஊதியது. காயம்பட்டவரை ஸ்டிரெச்சரில் தூக்குவது, தீயை அணைப்பது எல்லாம் செய்து காட்டினார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால் ஒரு கேள்வி. சைரன் ஊதும் ராத்திரியில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி எடுத்தால் அவள் எங்கே போவாள்? "சண்டை நடக்கிறது, பத்து நாள் பொறு" என்று வயிற்றுப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வியைப் போருக்கு முன்பே கேட்டு, பதிலும் தயார் செய்து வைத்த நாடு ஒன்று உண்டு. நம்மை ஆண்ட இங்கிலாந்துதான் அது.

இரண்டாவது உலகப் போர் அறிவிக்கப்படுவதற்கு 2 நாள் முன்னதாக, 1939 செப்டம்பர் 1-ந் தேதி, லண்டன் போன்ற பெரிய நகரங்களில் இருந்து குழந்தைகளையும் தாய்மார்களையும் ரயில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். சில நாட்களில் போனவர்கள் சுமார் 15 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 13 ஆயிரம் பேர் கர்ப்பிணிகள்.

இவர்களுக்காகக் கிராமப்புறத்தில் இருந்த பிரபுக்களின் மாளிகைகள் பிரசவ ஆஸ்பத்திரிகள் ஆயின. பிராக்கெட் ஹால் என்று ஒரு மாளிகை. பிரதம மந்திரிகளாக இருந்த மெல்போர்ன் பிரபுவும் பாமர்ஸ்டன் பிரபுவும் வாழ்ந்த இடம். லண்டன் நகரப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று அப்படியே அங்கே குடிபோனது. 1949 வரை அங்கே 8,338 குழந்தைகள் பிறந்தன. கூலிக்காரன் மனைவிக்குப் பிரபு வீட்டில் பிரசவம்! போர் இல்லாவிட்டால் வாசல்படி ஏற விட்டிருப்பார்களா?

இருந்தாலும் இந்த மாளிகைகளை மட்டும் பார்த்து மயங்கிவிடக் கூடாது. வெளியூர் போன தாய்மார்களில் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் வீடு திரும்பிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர் வீடு. அடுப்பங்கரையில் அடுத்தவள் முகம் சுளிக்கிறாள். கணவன் அங்கே தனியாகக் கிடக்கிறான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் நம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, பெண் இருக்கும் இடத்துக்கே உதவி போக வேண்டியதாயிற்று. அதற்கு வழியும் இருந்தது. 1936-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டு, உள்ளாட்சி மன்றங்கள் மருத்துவச்சிகளுக்குச் சம்பளம் தர ஏற்பாடாகி இருந்தது. 1940 செப்டம்பர் 7-ந் தேதி முதல் 57 ராத்திரி ஓயாமல் லண்டன் மீது குண்டு விழுந்தது. விளக்கில்லாத தெருவில் மருத்துவச்சி சைக்கிள் மிதித்துப் போய்ப் பிரசவம் பார்த்தாள். அன்றைக்கு அந்த நாட்டில் பாதிப் பிரசவம் வீட்டில்தான்.

அடுத்தது சாப்பாடு. 1940 ஜூலையில் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் தினம் அரை லிட்டருக்கு மேல் பால் தரும் திட்டம் வந்தது. விலை 2 பென்னி. இல்லாதவர்களுக்கு இலவசம். கர்ப்பிணிகளுக்குப் பச்சை நிறத்தில் தனி ரேஷன் புத்தகம். அதைக் காட்டினால் பழம் வாங்க முதல் இடம், முட்டை இரட்டிப்பு. பின்னர் ஆரஞ்சு சாறும் மீன் எண்ணெயும் சேர்ந்தன.

பலன் என்ன? இங்கிலாந்திலும் வேல்சிலும் 1939-ல் ஆயிரம் குழந்தைகளுக்கு 51 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. குண்டுவீச்சுக் காலமான 1941-ல் அது 60 ஆனது. 1945-ல் 46 ஆகக் குறைந்தது. 1930-களின் நடுவில் ஆயிரம் பிரசவத்துக்கு 4 தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். 1945-ல் அது 2-க்கும் கீழே. சல்பா மருந்தும் ரத்தம் ஏற்றும் வசதியும் இதில் பெரும் பங்கு வகித்தன என்பது உண்மை. ஆனால் மருந்து இருந்தால் போதுமா? அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டாமா?

இதே அரசாங்கம்தான் அப்போது இந்தியாவையும் ஆண்டது. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் செத்தவர்கள் 20 லட்சத்தில் இருந்து 30 லட்சம் வரை என்பது கணக்கு. போருக்குத் தேவை என்று கல்கத்தா ஆலைத் தொழிலாளிக்கும் ரயில்வே ஊழியருக்கும் அரிசி கொடுத்தார்கள். கிராமத்துக் கூலிக்காரனின் பிள்ளைத்தாய்ச்சி மனைவிக்குப் பச்சைப் புத்தகமும் இல்லை, பாலும் இல்லை. வழி தெரியாமல் செய்த தவறு என்று எப்படிச் சொல்வது? வழி தெரிந்தவர்கள்தானே!

1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் சென்னையே காலியானபோதும், கர்ப்பிணிகளுக்குத் துணை சொந்த ஊரும் அங்கிருந்த மருத்துவச்சியும்தான். ஊர் இல்லாதவர்கள் என்ன ஆனார்களோ!

போருக்குப் பின், 1949 ஜெனிவா ஒப்பந்தத்தில் பிரசவ ஆஸ்பத்திரியைத் தாக்கக் கூடாது என்று எழுதினார்கள். உக்ரைனில் மரியுபோல் நகரப் பிரசவ ஆஸ்பத்திரி மீது 2022 மார்ச் 9-ந் தேதி குண்டு விழுந்தது. காகிதத்தை நம்பிப் பயன் இல்லை.

மும்பைத் தமிழர் விஷயத்துக்கு வருவோம். தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் இருக்கும் நம் பெண்கள் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து ரயில் ஏறுகிறார்கள். இங்கே பதிந்தவளை அங்கே நர்சு தெரியாது. அங்கே போவோம் என்று இங்கே பதியாதவளும் உண்டு. இரண்டுங்கெட்டான் நிலை. ரயில் நின்றுவிட்டால்? ஊரடங்கு வந்த 2020-ல் ரயில் நின்றதே! அப்போது குண்டு எதுவும் விழவில்லை.

இங்கிலாந்தில் புத்தகம் கொடுத்த நாளிலேயே யார் கர்ப்பிணி, எந்தத் தெரு என்பது கணக்கில் ஏறிவிட்டது. இங்கும் ஊருக்குப் போகிறவள், போகாதவள் என்று பாராமல் எல்லாரையும் குடியிருக்கும் வார்டிலேயே பதிய வேண்டும். நம் சங்கங்களும் பொங்கல் விழாவுக்கு வீடு வீடாக நன்கொடை கேட்கப் போகும்போது இதையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

அடுத்த ஒத்திகைக்குச் சைரன் ஊதும்போது, எந்தச் சந்தில் எத்தனை எட்டாம் மாதக்காரிகள் இருக்கிறார்கள் என்று வார்டு ஆபீசில் சொல்லட்டும், பார்க்கலாம்.