செக்போஸ்ட்டைத் தாண்டாத காவல்

தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையாரிலும் குமுளியிலும் போலீஸுக்குப் பஞ்சமில்லை. லாரியை ஓரங்கட்டச் சொல்வார்கள், டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், ஸ்பிரிட் இருக்கிறதா, கஞ்சா இருக்கிறதா என்று துழாவுவார்கள். துழாவ வேண்டியதுதான். ஆனாலும் 2020 அக்டோபரில், அதே வாளையார் காவல் எல்லைக்குள் இருக்கும் செல்லங்காவு ஆதிவாசிக் காலனியில் விஷ மது குடித்து 5 பேர் செத்தார்கள். ரோட்டில் விழித்திருக்கும் கண் காலனிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

இதைவிடக் கொடுமையான சான்றும் வாளையாரில்தான் இருக்கிறது. 2017 ஜனவரி 13 அன்று அட்டப்பள்ளத்தில், ஒரு கூலித் தொழிலாளியின் சிறிய வீட்டுக்குள் 13 வயதுச் சிறுமி தூக்கில் தொங்கினாள். அவள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்பதைப் பிரேதப் பரிசோதனை சுட்டிக்காட்டியது. போலீஸ் அசையவில்லை. மார்ச் 4 அன்று, அதே வீட்டில், அதே விதமாக, 9 வயதுத் தங்கையும் பிணமானாள். இடையில் ஏழு வாரம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களை 2019-ல் போக்ஸோ நீதிமன்றம் விடுவித்தது. 2021 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது, தொடக்க விசாரணையைக் கடுமையாகச் சாடியது. வழக்கு பிறகு சிபிஐ கைக்குப் போனது.

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறிலும் கதை ஏறக்குறைய இதேதான். 2021 ஜூன் 30 அன்று ஓர் எஸ்டேட் லயத்தில் 6 வயதுக் குழந்தை கொல்லப்பட்டாள். கைதானவர் 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றத்தில் விடுதலையானார். தடயம் சேகரித்ததில் போலீஸ் செய்த குளறுபடிகளை நீதிபதி தீர்ப்பிலேயே எழுதினார். விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்குப் போனதே மறுநாள்தானாம்! வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அங்கே ஒரு நாள் கழித்துப் போனால் என்ன தடயம் மிஞ்சும்?

இத்தனைக்கும் கேரளத்தில் வழி தெரியாமல் இல்லை. நீதிபதி கே.டி. தாமஸ் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2008 மார்ச்சில் 20 ஸ்டேஷன்களில் தொடங்கிய ‘ஜனமைத்ரி’ திட்டம் நாடே திரும்பிப் பார்த்த ஒன்று. சுமார் 500 வீடுகளுக்கு ஒரு பீட் போலீஸ். அவர் வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும், ஊர்க்காரர்களைக் கூட்டிப் பேச வேண்டும். நகரத்தின் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் காலை எட்டு மணிக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய் மாலையில் திரும்பும் பெண்ணை, பகலில் வரும் பீட் போலீஸ் எங்கே சந்திப்பார்? லயத்துக்கு மாலையில்தான் போக வேண்டும். தமிழ் தெரிந்தவர் போக வேண்டும்.

மொழியைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். ஸ்டேஷனுக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு. போன இடத்தில் ரைட்டர் மலையாளத்தில் எழுதுகிறார். சொன்னதுதான் எழுதப்பட்டதா என்று தெரியாமலே அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டியிருக்கிறது. 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமோ, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது.

தமிழ் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று அரசு சொல்ல முடியாது. 2018 பிப்ரவரி 22 அன்று அட்டப்பாடி முக்காலியில், அரிசி திருடினார் என்று சொல்லி ஓர் ஆதிவாசி இளைஞரைக் கும்பல் அடித்தது; போலீஸ் வண்டியில் கொண்டுபோகும் வழியிலேயே அவர் உயிர் போனது. அதற்கு அடுத்த ஆண்டு வயநாடு, பாலக்காடு, மலப்புரம் மாவட்டங்களின் ஆதிவாசி இளைஞர்கள் 74 பேர் சிறப்புத் தேர்வு மூலம் போலீஸில் சேர்ந்தார்கள். கொல்லப்பட்டவரின் சகோதரியும் அவர்களில் ஒருவர். காட்டு மக்களுக்கு முடிந்தது, மூணாறிலும் கொழிஞ்சாம்பாறையிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏன் முடியாது? எல்லை ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த இருவரையாவது, அதில் ஒரு பெண்ணையாவது, அரசு உடனே நியமிக்க வேண்டும்.

அதுவரை மக்கள் கையில் இருப்பதையும் விட்டுவிடக் கூடாது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்து எல்லை தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், அங்கே நடந்த குற்றத்துக்குத் தங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே புகார் தரலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு இடம் தரவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள். எஃப்ஐஆர் நகலுக்குக் காசு கிடையாது. கேட்டு வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள்.